தூக்கம் கூடுதல்

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, எடைக் கருவியின் முன்னால் நின்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி தலையிலிருந்த க்ளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்ததை. செருப்பை முன்பே கழற்றியிருந்தாள். க்ளிப்புகளுக்குப் பிறகு வளையல்கள். பிறகு கழுத்திலிருந்த பாசிமணி. எல்லாவற்றையும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.

"தூக்கம் நோக்காம் மோளே, கேறி நில்லு" என்றார் நர்ஸ். ஏறினாள். நர்ஸ் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அந்தக் கருணைக்குப் பலனில்லை. குழந்தை குனிந்து தானே படித்துவிட்டாள்.

அவள் என் பக்கத்து ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களின் ஒரே மகள். அம்மா திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணமான கையோடு இந்த நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு வந்தவள். கணவருக்கு ஐ.டி. வளாகத்தில் மின்பராமரிப்பு வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். அன்று அவருக்குப் பகல் ஷிப்டு, அதனால் என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊர்தான். ஆரியசாலையில் வீடு இருந்த காலத்திலிருந்து வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் மலையாளம்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை எதிர்ச்சுவரில் இருந்த மீன்தொட்டியைப் பார்க்கப் போனாள். அம்மாவின் முகம் சரியில்லை. கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று எங்கள் வீட்டில் காலம்காலமாகச் சொல்லும் ஒரு வேடிக்கையைச் சொன்னேன். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை, நாம் தூங்குவது அவர்களுக்கு உறக்கம். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் மாமா சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கப் போனார். கடைக்காரர் தராசைக் காட்டி "தூக்கம் செரியல்லே?" என்று கேட்டிருக்கிறார். மாமா, "எங்க சரி, ராத்திரி பூரா கொசு" என்றாராம்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாசிமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தான் சொன்னாவக்கா."

"யாரு, என்ன சொன்னா?"

"இவ வயித்துல இருக்கும்போது. நர்ஸு கார்டைப் பாத்துட்டு, 'தூக்கம் ஒத்திரி கூடுதலா, குறைக்கணும் கேட்டோ'ன்னாவ. நான் செரி சேச்சின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் என் மாமாவின் கதை வாய்க்குள் கசந்தது.

அப்போது அவள் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லாம் நம்ம பாஷை மாதிரிதான், கூர்ந்து கேட்டால் விளங்கிவிடும் என்று கணவர் சொல்லியிருந்தார். கூர்ந்து கேட்டாள். விளங்கியும் விட்டது. தனி ஃப்ளாட்டில் பேச ஆளில்லாமல் மத்தியானங்களில் அவள் தூங்கத்தான் செய்தாள்.

"நான் பகல்ல தூங்குறது இவங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுதுன்னு எனக்கு ஒரே வெக்கம். சோம்பேறின்னு நெனச்சிருவாவளேன்னு அன்னைக்கோட பகல் தூக்கத்தை விட்டுட்டேன்."

கண் சொக்கும்போதெல்லாம் டீ போட்டாள், சர்க்கரை தூக்கலாக. டீயோடு தொட்டுக்கொள்ள எதாவது வேண்டுமே. ஊரில் சாயங்காலம் ஒரு கருப்பட்டிக் காப்பி, அவ்வளவுதான். இங்கே ஃப்ளாட்டின் கீழேயே பேக்கரி. பழம்பொரி, பப்ஸ், கிரீம் வைத்த பன். "சேச்சி, எந்தா வேண்டது?" என்று தினமும் அவளிடம் பேசிய ஒரே ஆள் அந்தக் கடைக்காரர். "மலையாளம் நான் படிச்சதே அந்தக் கடையிலதான்க்கா" என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி என்று தெரிந்ததும் அவர் ஒன்று கூடுதலாக வைத்துக் கொடுப்பாராம்.

அடுத்த முறை போனபோது நர்ஸ் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். இவள் இரவுத் தூக்கத்தையும் குறைத்தாள். கணவர் ஷிப்டு முடிந்து வரும்வரை டிவி முன்னால் விழித்திருந்தாள், பக்கத்தில் ஒரு தட்டோடு. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வரச் சொன்ன நாளில் வளைகாப்புக்கு ஊருக்குப் போய்விட்டாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை ஆபரேஷனில்தான் பிறந்தது, நாலரைக் கிலோ. வார்டில் இருந்தவர்கள் வந்து வந்து பார்த்துக் கன்னத்தைக் கிள்ளினார்கள். "ராஜாத்தி மாதிரி இருக்கான்னு எங்க மாமியாருக்கு ஒரே பெருமை" என்றாள்.

"அப்புறம் எப்பத் தெரிஞ்சுது?"

"இவளுக்கு ஒரு வயசு. மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா, 'தூக்கம் கண்டோ மோளே, கிருத்யம்'னு, எடை சரியா இருக்குன்னு தராசைக் காட்டுனாவ. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மீனை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவர்ட்டகூடச் சொன்னதில்லக்கா. வீட்டுல ரெண்டாவதுக்குக் கேக்காவ. வேண்டாம்னு மட்டும் சொல்லுதேன்."

மீன்தொட்டிக்கு அருகில் ஒரு பையனின் அம்மா எங்கள் குழந்தைக்கு பிஸ்கட் நீட்டினார். "எனிக்கு வேண்டா ஆன்ட்டி" என்று இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். வகுப்பில் அவளுக்குத் 'தடிச்சி' என்று பெயர். ஆசிரியைகூட ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டாராம்.

"உள்ள போனதும் ஒண்ணு மட்டும் கேளுங்கக்கா. என்னாலதானான்னு. எனக்கு வாய் வராது. இவ இல்லாதப்போ கேளுங்க, நம்மளவிட இவளுக்குத்தான் மலையாளம் நல்லா வெளங்கும்."

எங்கள் முறை வந்தது. முந்தைய வாரம் எடுத்த ரத்த முடிவுகளையும் ஸ்கேனையும் டாக்டரம்மா பார்த்தார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார். இன்னொரு முறை ரத்தம் எடுக்கக் குழந்தையை நர்ஸோடு அனுப்பினார். கதவு சாத்தியதும் நான் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். கர்ப்ப காலத்தில் தாயின் எடை அளவுக்கு மீறிக் கூடினால் பிள்ளைக்குப் பின்னால் பருமன் வரும் வாய்ப்பு கூடலாம். அப்படிப் பிறந்து ஒல்லியாகவே வளரும் பிள்ளைகளும் உண்டு. உடல்வாகு, சாப்பாடு, ஓடி விளையாட இடமில்லாத ஃப்ளாட் என்று எத்தனையோ சேர்கின்றன. ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. "எந்தா சோதிச்சது?" என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்று. அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "வெறுதெ", சும்மாதான், என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்காவளா, இல்லங்காவளா?"

"ரெண்டும் சொல்ல முடியாதாம்மா."

"அப்போ ஆமாதான்."

இல்லை என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை, வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். அவள் காதில் விழவில்லை. ரத்தம் எடுத்த கையை மடக்கிக்கொண்டு குழந்தை வந்தாள். அம்மா குனிந்து ஒவ்வொன்றாக க்ளிப்புகளை மாட்டிவிட்டாள்.

பத்திரிகையில் பிழை திருத்துவது என் பிழைப்பு. ஒரு சொல் தவறாக அச்சாகிவிட்டால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டதற்காக ஒருத்தி ஆறு வருடம் தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அந்த நிம்மதி எனக்குத் திரும்பவே இல்லை.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் போனோம். இப்போது அம்மாவும் மகளும் பேக்கரிப் பக்கமே போவதில்லை, தினமும் சாயங்காலம் நடக்கிறார்கள். அப்படியும் குழந்தையின் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.