பளிச்சக்காவின் வெட்டுப்பலகை

உயிர்க்கோழிச் சந்தையில் அவளை எல்லோரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டுக்கு அடியில் ஓர் இறகு கிடந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. அவளுடைய வெட்டுப்பலகையில் முகம் பார்த்துத் தலைசீவலாம் என்று பக்கத்துக் கடை வைத்திருந்த கொழுந்தன் கிண்டல் செய்வான்.

கோழிகள் சோர்ந்துவிடாமல் இருக்கக் குடிதண்ணீரில் மருந்துப்பொடி கலப்பது அங்கே வழக்கம். மாலையில் மிஞ்சும் அந்தத் தண்ணீரில்தான் அவள் பலகையைக் கழுவுவாள். கோழியின் நோயையே விரட்டும் மருந்து பலகையில் இருக்கும் கிருமியை விட்டுவைக்குமா என்பது அவள் கணக்கு. வரிசை முழுக்க அந்தப் பழக்கத்தைப் பரப்பியவளும் அவள்தான்.

ஒருநாள் கத்தி விரலில் பட்டது. சின்ன வெட்டுதான். மாத்திரைக்கு மேல் மாத்திரை விழுங்கியும் விரல் வீங்கிக்கொண்டே போனது. மருந்துக்கு அடங்காத கிருமி இது, எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சந்தைக் கடைகளில் சோதனை என்றதும் மற்ற கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பளிச்சக்காவோ முதல் ஆளாகக் கடையைத் திறந்துவிட்டாள். தன் பலகை மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தப் பலகையில்தான் அதே கிருமி இருந்தது. மருந்துத் தண்ணீரில் நோஞ்சான் கிருமிகள் செத்துப்போக, மருந்துக்குப் பழகிய முரட்டுக் கிருமிகள் தங்கிப் பெருகிவிட்டனவாம். எந்தக் கடை என்று வெளியே சொல்ல மாட்டோம் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

பேர் கெடாமல் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து சந்தைக்குத் திரும்பி வந்தபோது கொழுந்தன் அதே தண்ணீரில் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரலில் புதிதாக ஒரு துணி சுற்றியிருந்தது.

"தம்பி, அந்தத் தண்ணியத் தொடாத. என் விரலுக்கு வந்தது என் பலகையிலேர்ந்துதான்."

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அண்ணி?"

"ஆமா, தப்பாச் சொல்லிட்டேன். இப்ப சரியாச் சொல்றேன், கேளு."

சோப்பு, கொதிக்கும் தண்ணீர், வெயில். கால்நடை மருத்துவர் சொல்லாமல் கோழிக்கு மருந்து கிடையாது. கடை கடையாகப் போய், தன் வீங்கிய விரலையும் காட்டிச் சொன்னாள். பளிச்சக்கா பலகையே அழுக்காம் என்று சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அன்று சாயங்காலமே வெந்நீர் வைத்தார்கள்.

ஊசி போட்டு அவள் விரல் ஆறியது, கொஞ்சம் மடங்க மறுத்தாலும். மறுசோதனைக்கு டாக்டரம்மா வந்தபோது கொழுந்தன் ஓடிப்போய் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"எங்க அண்ணி பலகைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல என்னோடதப் பாருங்க."