எலுமிச்சை ஆகாத கல்

என் கணவர் வெளியூர் வேலை முடிந்து திரும்பும்போது எனக்கு ஒரு டாலர் வாங்கி வந்தார். அதிலிருந்த கல்லுக்கு ரோடோக்ரோசைட் என்று பெயர். ரோஸ்மில்க்கில் பாலாடை படிந்த மாதிரி இளஞ்சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடும். மனதுக்கும் இருதயத்துக்கும் நல்லது என்று கடைக்காரன் கதை அளந்திருக்கிறான். கூடவே ஏகப்பட்ட நிபந்தனைகள். மெத்தென்ற கல், கத்தி பட்டால் கீறிவிடும். வெயிலில் வெளுக்கும். புளி, தயிர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது, அரித்துவிடும்.

"சமையல்கட்டுல கூடாது, வெயில்ல கூடாது. அப்புறம் எப்பதான் போட்டுக்கறது?" என்றேன்.

"தூங்கும்போது போட்டுக்கோ" என்று சிரித்தார். நான் பீரோவில் வைத்துவிட்டேன்.

அவருக்கு இருதயம் பலவீனமாகி, தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தக் கல் ஞாபகம் வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. டாக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தபின் நம்பிக்கையாவது ஒன்றாவது. அதை எடுத்து வரச் சொல்லி முடிச்சூர் வீட்டிலிருந்த என் மாமியாருக்கு போன் செய்தேன். இருதயத்துக்கு நல்ல கல் என்பதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று கிருத்திகை. குன்றத்தூர் மலை ஏற முழங்கால் விடாததால் வீட்டிலேயே ஒரு சின்ன வேலுக்கு மாதாமாதம் அபிஷேகம் செய்வார் அத்தை. பால், தயிர், தேன், எலுமிச்சைச் சாறு. டாலரை வேலின் கழுத்தில் கட்டி அத்தனையையும் ஊற்றி, விடியும்வரை அந்தக் கிண்ணத்திலேயே ஊறவிட்டிருக்கிறார்.

"சும்மா போட்டா கல்லு இன்னா பண்ணும்? முருகன் மேல பட்டு வந்துகீது" என்று காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மகன் கையில் வைத்தார்.

பளபளப்பு அத்தனையும் போயிருந்தது. சுண்ணாம்பு பூசியதுபோல வரிகள் மங்கிக் கிடந்தன. என் கணவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"சூப்பரா இருக்கும்மா" என்றார்.

அத்தை தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் என் கையைப் பிடித்தார். "அம்மாகிட்ட சொல்லாத. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தன்னாலதான்னு நெனச்சுக்கும்."

அடுத்த கிருத்திகைக்கு அவர் இல்லை.

உலகமே எனக்கு வெறுத்துப்போய்விட்டது. காலையில் கண் திறப்பதே தண்டனையாக இருக்கிறது. அவர் ஆசையாக வாங்கித் தந்தது என்று இருப்பது அந்தக் கல் ஒன்றுதான். அதை ஒளித்து வைக்கவும் வழியில்லை. பிள்ளை கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அத்தை அதை வேலிலேயே கட்டிவிட்டார். மாதாமாதம் அதற்கும் அபிஷேகம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சொரசொரப்பு கூடுகிறது. ஓரத்து வரி ஒன்று இப்போது தெரியவே இல்லை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கல் பிழைத்துவிடும். ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய்கூட இல்லை. பிள்ளையைக் கொன்றவள் தான்தான் என்ற நினைப்போடு அந்த மனுஷி ஒரு நாள்கூட இருக்க மாட்டார்.

போன கிருத்திகையன்று அத்தையால் எலுமிச்சையைப் பிழிய முடியவில்லை. "நீயே புழிஞ்சு குடும்மா" என்று பழத்தை நீட்டினார்.

பிழிந்து கொடுத்தேன்.