சாரங்கள் விறைத்து நின்ற கிழமை

போன கிழமை, நாங்கள் வந்த புதிதில் இருந்த பார்க்டேல் பக்கம் போனபோது மழைக்கு ஒரு நூலகத்துக்குள் ஒதுங்கினேன். சுவரில் பழைய படங்கள். அந்த இடத்தின் முதற் குடிகளாம்: மீசைக்காரர்கள், மரவீடுகள், கையில் கோடாலி. அவர்களுக்கு முன்னமே அங்கே இருந்த மக்களுக்குப் படத்தின் கீழே ஒரு வரி கிடைத்திருந்தது. பிறகு அகதியாய் வந்த எங்களுக்கு அதுவும் இல்லை. எனக்குச் சுள்ளென்று வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் ஈர உடுப்பில் சவர்க்காரத்தூள் வாசம். அந்த வாசத்தோடு நான் அந்த நாளில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்குப் போய்விட்டேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த உடுப்புத் தோய்க்கிற அறைதான் எங்களுக்கு ஊர்ச்சந்தி. ஒற்றை அறை வீட்டில் நாங்கள் ஆறு பெடியள். எந்தச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ ஆள் தேவை, எந்த வீட்டில் இடம் இருக்கு, அகதிப் படிவத்தை எப்படி நிரப்புவது, எல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசினோம். எனக்கு இங்கிலிஷ் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஒரு மாசி மாதம், கடும் பனிக்குளிரில், சுப்பர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அந்த அறையைப் பூட்டிவிட்டார். ஒரு வீட்டில் இத்தனை பேர் இருந்தால் மெஷின் தாங்காதாம்.

"அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வம்பு வேண்டாம்," என்றான் என்னோடு இருந்த நேசன்.

ஐந்தாம் மாடியில் மூன்று பிள்ளைகளோடு இருந்த மன்னார்க்காரி றெஜினா அக்காவின் கேசும் முடியவில்லைதான். அவ பயப்படவில்லை.

"குளிக்கிற தொட்டியில தோய்ப்பம். றோட்டுப் பக்கத்துப் பல்கனியில காயப் போடுவம். எல்லா வீடும்."

"உறைஞ்சு போகுமே, அக்கா?"

"உறையட்டும். சனம் பாக்கட்டும்."

உறைந்தது. நாங்கள் இடுப்பில் கட்டுகிற சாரங்கள் பலகைபோல விறைத்தன. என் நீளக் காற்சட்டை காலை அகட்டிக்கொண்டு தொங்கியதை றோட்டுத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ட்ரீட்காரில் போன சனம் எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. எடுக்கவில்லை. மூன்றாம் நாள், எட்டாம் மாடியில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண்ணும் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

நாலாம் நாள் மனேஜர் வந்தார். வாசலில் அக்கா பேச, நான் மொழிபெயர்த்தேன்.

"பூட்டைத் திறவுங்கோ. நாங்கள் விருந்துக்கு வரேல்லை. இருக்க வந்தனாங்கள்."

தயவுசெய்து கொஞ்சம் திறக்க முடியுமா என்று நான் இங்கிலிஷில் குழைந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா.

"நான் சொன்னது நீளம். நீர் சொன்னது கட்டை. முழுசாச் சொல்லும்."

சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. மனேஜர் பல்கனிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பின்னேரம் கதவு திறந்திருந்தது. ஒருவரையும் வீட்டைவிட்டு எழுப்பவும் இல்லை.

இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. வெக்ஸ்போர்ட், மில்லிக்கன் என்று தூரத்துப் புறநகர்களில் வீடு வாங்கிப் போனோம். வீட்டுக்கு வீடு மெஷின். அடுத்த வீட்டுக்காரர் வேலை இழந்தாலும் தெரியாது. அந்த அறையில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

அக்காவும் போய்விட்டா. மரண அறிவித்தலை அவவின் மூத்த மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். மன்னாரைப் பிறப்பிடமாகவும், மில்லிக்கனை வதிவிடமாகவும் கொண்ட என்று இருந்தது.

"பார்க்டேலையும் போடும்," என்றேன்.

"அங்கிள், அது ஜஸ்ட் செவன் இயர்ஸ் தானே?"

"அங்கை நாங்கள் ஒரு ஊர் வைச்சிருந்தனாங்கள், தம்பி. போடும்."