புதன்கிழமைச் சுரைக்காய்

சுரைக்காய் நறுக்கும்போது முதல் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அடுத்த துண்டைப் போடமாட்டேன். கடையில் வாங்கிய காயாக இருந்தாலும் அப்படித்தான். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் சமையல்காரரிடமே போய், "காயைக் கடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டு, இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பார்க்க வைத்திருக்கிறேன். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

கடலூரில் எட்டு வீடு, சிதம்பரத்தில் நாலு வீடு என்று சேர்ந்து ஒரு தோட்டக் குழு வைத்திருந்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். ஒரு மாதம் கடலூர், மறுமாதம் சிதம்பரம். செடிக்கு ஊற்றும் பஞ்சகவ்யத்தை யார் நன்றாகப் புளிக்கவைத்தார்கள் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே சண்டை போடுவோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் எந்தச் செடியை எங்கே நகர்த்துவது, தொட்டி மண்ணில் எத்தனை பங்கு தேங்காய் நார் கலப்பது என்பதெல்லாம் எங்களுக்கு மந்திரிசபை விவகாரம் மாதிரி. நான் அந்தக் குழுவில் கொஞ்சம் வாயாடி. அரசாங்க ஆபீஸில் நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதிய கடிதத்தைத் தட்டச்சு செய்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் பேச்சை நாலு பேர் கேட்டால் எனக்கு ஆசையாக இருக்காதா?

2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் எங்கள் மாடிகளைத் துடைத்துப் போட்டது. தொட்டிகள் பக்கத்துத் தெருவில் கிடந்தன. முருங்கை, வாழை, கொய்யா எதுவும் மிஞ்சவில்லை. கரண்டே பல நாள் கழித்துத்தான் வந்தது. பொங்கல் முடிந்து நாங்கள் கூடியபோது யார் முகத்திலும் களையில்லை. விதை வைத்திருந்தவர்கள் வீட்டிலும் மழைத் தண்ணீர் புகுந்து எல்லாம் முளைவிட்டு அழுகிப்போயிருந்தது.

என்னிடம் மட்டும் இருந்தது. முந்தின வருஷம் காய்த்த சுரைக்காயில் ஒன்றை முற்றவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். பால் மாதிரி காய் அது. அன்றைக்கு அந்தப் பாட்டிலைத் திறந்து வீட்டுக்கு ஆறு விதை என்று காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். செயலாளர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிதம்பரத்து சார் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்காரர். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஏதாவது ஒரு காயைச் சாறு பிழிந்து குடிப்பது அவருக்குப் பூஜை மாதிரி. பாகற்காய்ச் சாறு குடிக்கும்போது முகம் கூடச் சுளிக்கமாட்டார். "கசக்கக் கசக்கத்தான் சுகர் எறங்கும். நாக்குக்குப் புடிச்சது ஒடம்புக்குப் புடிக்காது" என்பார். நாங்கள் சிரிப்போம்.

தை கடைசியில் எல்லோரும் விதை ஊன்றினோம். மாசியில் கொடி ஏறியது. புயலுக்குப் பிறகு எங்கும் நிழலே இல்லாததால் பங்குனி வெயில் சித்திரை வெயிலாக அடித்தது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினாலும் மதியத்தில் இலை தொங்கிவிடும். பழைய வேட்டியைப் பந்தலுக்கு மேல் கட்டி நிழல் கொடுத்தேன். பங்குனி முடியும் சமயத்தில் என் கொடியில் முதல் காய் கைக்கு அடக்கமாக வந்தது. ஒரு புதன்கிழமை காலையில் அதை அறுத்துக் கூட்டு வைத்தேன்.

உப்புப் பார்க்க ஒரு கரண்டி வாயில் போட்டேன். அந்தக் கசப்பை என்னவென்று சொல்வது? தொண்டைவரைக்கும் போய்ப் பிடித்துக்கொண்டது. துப்பி, வாய் கொப்பளித்து, வெல்லம் கடித்தும் போகவில்லை. கூட்டு முழுவதையும் குப்பையில் கொட்டி, மேலே காகிதத்தைப் போட்டு மூடினேன். கணவர் குளித்துவிட்டு வந்து, "சொரக்கா கூட்டுன்னியே?" என்று கேட்டபோது, "அடி புடிச்சிடுச்சு, ரசம்தான்" என்று எரிந்து விழுந்தேன்.

அவரிடமே சொல்லாதவள் குழுவிடம் சொல்வேனா? கைதட்டு வாங்கிக் கொடுத்த விதை. தண்ணீர் பற்றாமல் கசந்திருக்கும், அடுத்த காய் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து மேஜைப் பெண்ணிடம் இதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொன்னேன். வெயிலில் வாடி வதங்கி வளர்த்த சுரைக்காய் வேப்பங்காய் மாதிரி கசந்ததென்று. அவள் சிரிக்கவில்லை. எடுத்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தாள். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"முழுங்கிட்டீங்களா மேடம்?"

"இல்லியே, துப்பிட்டேன். ஏன்?"

"கசக்கற சொரக்கா வெஷம். எங்க அக்கா வார்டுல ஒருத்தருக்கு ரத்தமா வாந்தி வந்துச்சாம். ஜூஸா குடிச்சா இன்னும் மோசம்னு சொல்லும்."

ஜூஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நான் டப்பாவை மூடினேன். சட்டைப் பையில் பொட்டலத்தை வைத்துப் பொத்தானைப் போட்ட அந்த மனிதர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் கசந்தால் துப்பிவிடுவார்கள். அவர் ஒருவர்தான் கசக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார்.

அவருடைய செல்லுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். வீட்டு போனோ புயலில் கம்பி அறுந்ததிலிருந்து செத்துக் கிடந்தது. சிதம்பரத்தில் இருந்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவரும் எடுக்கவில்லை. சூப்பரிண்டெண்ட் மேஜைமேல் அனுமதிச் சீட்டை வைத்துவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

சிதம்பரம் பஸ் ஆடி அசைந்து போனது. சிப்காட் தொழிற்பேட்டையில் நின்று ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டது. செம்மங்குப்பத்தில் ஒரு மூட்டையை ஏற்றுவதற்காக டிரைவர் இறங்கியே போய்விட்டார். அவரை அப்படியே விட்டுவிட்டு நானே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. இரண்டு பக்கமும் புயலில் முறிந்த மரங்கள் காய்ந்து கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செயலாளர் டீச்சருக்கு அடித்தேன். பள்ளிக்கூட மணிச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"டீச்சர், நான் குடுத்த வெதைல காச்ச சொரக்கா கசந்துச்சா?"

"அது வந்து... ஆமா மேடம். பத்து நாளைக்கு முன்னவே. நான் கொட்டிட்டேன். இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் அப்படித்தானாம். ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு ஒங்ககிட்ட யாரும் சொல்ல வேணாம்னு பேசிக்கினோம். புயலுக்கப்பறம் நீங்கதான ஆசையா குடுத்தீங்க."

"சிதம்பரத்து சார்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கொடி இன்னும் பிஞ்சுலதான இருக்குன்னாரு. ஏன் மேடம், என்னா ஆச்சு?"

நான் சொன்னேன். அவர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் செய்வதாகச் சொல்லி வைத்தார். கசப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் எனக்காகவே மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால், கெடிலம் ஆற்றங்கரை வேலியில், முந்தின வருஷம் முழுக்க ஒரு காட்டுக் கொடி வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. கசப்புக் காய் காய்க்கிற பேய்ச்சுரை என்று தெரியும். பூ அழகாக இருக்கிறதென்று விட்டுவைத்தேன். அதுவும் என் சுரையும் அந்திக்குப் பூக்கிறவை. விட்டில் பூச்சிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு இதற்கும் அதற்குமாகப் பறக்கும். அந்த வருஷத்துக் காய் இனித்தது, அதற்குள் இருந்த விதையில் பேய்ச்சுரை கலந்துவிட்டது. தோட்டக்காரி என்று பேர் வைத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய இந்த விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய மனைவி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கூடை. அதற்குள் பிளாஸ்க், மாற்று வேட்டி, துண்டு. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"ஒங்களுக்கு யாரும்மா சொன்னாங்க? நேத்து காலைலேர்ந்து வாந்தி. சாயங்காலம் ரத்தமா வந்துச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம், அவரு தம்பி கூட இருக்காரு. புதன்கெழம கல்யாணத்துல சாப்பிட்டது ஒத்துக்கலன்னு டாக்டரு சொல்றாரு."

வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். சார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் முதலில் புரிந்தது.

"பிளாஸ்க்குல என்னாக்கா?"

"சொரக்கா ஜூஸ்தான். நேத்துதான் மொத காய் அறுத்தோம். ஒரு டம்ளர் குடிச்சாரு, வாந்தில எல்லாம் போயிடுச்சு. இன்னைக்கு டாக்டரு தண்ணியா ஏதாவது குடுங்கன்னாரு. வயித்துக்குக் குளிர்ச்சிதானன்னு மிச்சக் காயப் போட்டு எடுத்துக்கினேன்."

என் புத்தி அப்போது எங்கே போனது என்பதை மறைக்கப் போவதில்லை. "வாந்தி எடுக்கறவருக்கு இதெல்லாம் வேணாங்க்கா, இளநீ வாங்கிட்டுப் போலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கூடைக்குக் கையை நீட்டினேன். பிளாஸ்க்கை வாங்கிக் கொட்டிவிட்டால் போதும், ஒருவருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவர் கூடையை விடவில்லை. "அப்ப இளநீய இப்ப குடுக்கறேன். இது சாயங்காலத்துக்கு இருக்கட்டும். அவரே கேட்டாரும்மா. கசப்பு ஜாஸ்தி, நல்ல மருந்துன்னு."

கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அது வெஷம். நான் குடுத்த வெதைதான். அதனாலதான் வாந்தி. டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணும்" என்றேன். அவர் கூடையைத் திகைப்போடு ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசலில் காத்திருந்த, நான் வந்த அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். வழியில் ஆட்டோவில் இருந்தபடியே நான் ஓர் இளநீர் வாங்கினேன். பிளாஸ்க் அவர் மடியில் இருந்தது.

சார் பிழைத்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறு. ஆறு நாள் படுத்திருந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் அன்றைக்கு மாலை அது யாருக்கும் தெரியாது. கட்டிலில் அவர் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்துக்குக் கீழே சின்னதாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கப் பார்த்தார். எனக்குக் கும்பிடு போடத்தான்.

டாக்டரை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். இளம் வயசு. பொறுமையாகக் கேட்டார். பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதுக்குன்னு தனி மருந்து கெடையாது. பிரஷர் எறங்காம பாத்துக்கணும், ரத்தம் நிக்கணும். இன்னொரு டம்ளர் உள்ள போயிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. நல்ல வேளை வந்தீங்க." பிறகு குறிப்பெழுதிக்கொண்டே, "ஒங்களுக்கு இது கசக்குதுன்னு எப்பத் தெரியும்?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "புதன்கிழமை காலைல" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பினேன். சாருடைய மனைவி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வந்ததிலிருந்து என்னிடம் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"புதன்கெழம ஒனக்குத் தெரியும். அவரு குடிச்சது வியாழக்கெழம காலைல. அதுக்குள்ள என்னாடி பண்ணிக்கினு இருந்த?"



"வெக்கமா இருந்துச்சுக்கா."

"வெக்கமா இருந்துச்சு" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு இளநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.