மிரேய் வைத்த சிவப்புப் பொட்டு

மிரேய் கோலேயைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட முதல் ஆள் லோசான் நகரத்திலிருந்து வந்த காப்பீட்டுக்காரர். நல்ல உயரம், நல்ல சம்பளம், தலையில் போதுமான முடி. ஏரிக்கரை உணவகத்தில் மெழுகுவத்தியெல்லாம் ஏற்றச் சொல்லி, வைர மோதிரத்தை நீட்டினார். வேறு பெண்ணாக இருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மிரேய் மோதிரத்தை வாங்கி, மேசைக்கு அடியில் கொண்டுபோய், முழங்காலில் வைத்து ஒரு இழு இழுத்தாள். நைலான் காலுறை சர்ரென்று கணுக்கால் வரை கிழிந்தது.

“கல்லைப் பிடிச்சிருக்கிற முள்ளுல ஒண்ணு தூக்கிட்டு நிக்குதுங்க,” என்றாள். “சீக்கிரமே கல்லு கழண்டு விழுந்துடும்.”

அவர் மோதிரத்தைக் கடையில் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

இரண்டாவது ஆள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார், மனைவியை இழந்தவர். அவர் கொண்டுவந்தது அவருடைய அம்மாவின் நீலக்கல் மோதிரம். அப்பா போட்டுவிட்ட அதை அந்த அம்மாள் சாகும்வரை விரலிலிருந்து கழற்றியதே இல்லையாம். மிரேய் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இது நீலக்கல் இல்லீங்க, கண்ணாடி. உள்ள காத்துக் குமிழி இருக்கு. நீங்களே பாருங்க.”

பாவம், அவரும் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து அந்த மனிதர் செத்துப்போன அப்பாவோடு சண்டை போடுவதிலேயே மும்முரமாகிவிட்டார். இன்னொரு கல்யாணத்துக்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

என் பெயர் கொலெத். மிரேய் வேலை பார்க்கிற கடிகாரத் தொழிற்சாலையில்தான் நானும் வேலை பார்த்தேன். அவள் மேல்மாடியில், வடக்கு ஜன்னல் ஓரம், வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கும் சாதி. நான் கீழே, கடிகாரங்களைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டும் சாதி. நாங்கள் கட்டிய பெட்டிகள் ஜெனீவாவுக்கும் துபாய்க்கும் ஹாங்காங்குக்கும் போகும். அதை வாங்குகிற மகராசர்கள் அதில் மணி பார்ப்பதில்லை. மணி சொல்வதற்கு அவர்களுக்குத் தனியாக ஆள் இருக்கும். ‘சாந்தியே’ என்கிற எங்கள் ஊரிலும் யாரும் மணி பார்ப்பதில்லை. உலகத்துக்கே நேரம் செய்து அனுப்புகிற பள்ளத்தாக்கில் பேருந்து எப்போதும் தாமதம்.

மிரேயின் வேலை குறை கண்டுபிடிப்பது. கேலி இல்லை, சம்பளமே அதற்குத்தான். முடிந்து வரும் ஒவ்வொரு கடிகாரத்தையும் விரலில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு எடுப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்ப்பாள். பளபளப்பும் மங்கலும் சந்திக்கும் கோடு கத்தி மாதிரி நிற்கிறதா, முள்ளின் நுனியில் தூசி ஒட்டியிருக்கிறதா, எண்ணுக்குப் பதிலாகப் பதித்த தங்கக் குச்சிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பாள். ஒரு குறை கண்ணில் பட்டதும் கண்ணாடிமேல் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வாள். மீதியைப் பார்க்கக் கூடாது. ஒன்று போதும், தள்ளுவதற்கு. இருபது வருஷமாக இதே வேலை. வலது கண்ணைச் சுற்றி லென்ஸ் பதிந்த வளையம் ஞாயிற்றுக்கிழமைகூட மறையாது.

அந்த வருஷம் மார்ச்சில் ஒரு கூத்து நடந்தது. பெண்கள் கட்டும் தங்கக் கடிகாரம் ஒன்று. பால் நிறத்தில் முகப்பு. மிரேய் அதற்கும் பொட்டு வைத்தாள். பிரிவுத் தலைவர் ரேமோன் லென்ஸை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை.

“எங்கேம்மா குறை?”

“ஆறு மணிக் குச்சி. ஒரு மயிரிழை இடது பக்கம் சாஞ்சிருக்கு.”

“இது உனக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.”

“அவருக்குத் தெரியுதுல்ல? அப்புறம் என்ன?”

ரேமோனுக்கு வந்த கோபத்தில் அதைச் சரிசெய்யக்கூட அனுப்பவில்லை. தள்ளிய சாமான்கள் கிடக்கும் அலமாரியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டில் தொழிற்சாலை முழுக்க இதே பேச்சுதான்.

இந்த லட்சணத்தில் மிரேய்க்கு நாற்பத்து மூன்று வயதில் ஒருவன்மேல் மனசு போயிற்று. அவன் பெயர் ஃபெர்னான். ஊராட்சியின் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்தது கிடையாது. நகக்கண்ணில் எப்போதும் வண்டி எண்ணெய். தேவாலயப் பாடகர் குழுவில் அவன் வாயைத் திறந்தால் மற்றவர்கள் சுருதியைத் தேட வேண்டியிருக்கும். அவனை எதிரே வைத்தால் பொட்டு ஒட்ட இடம் போதாது. இருந்தும் அவள் மயங்கிவிட்டாள். எதில் தெரியுமா?

“நேத்து எங்க வீட்டு வாசல்ல பனி ஒதுக்கியிருந்தான்டி,” என்று உடைமாற்றும் அறையில் என்னிடம் சொன்னாள். “ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிக்குது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த ஓரத்துல ஒரு பிசிறு இல்ல கொலெத்.”

“லென்ஸ் போட்டா பார்த்தே?”

அவள் குனிந்து காலணி நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள். போட்டுத்தான் பார்த்திருக்கிறாள், கழுதை.

அப்புறம் அவள் கண் கலங்கியது. “அவன் எனக்கு ஏதாவது வாங்கிட்டு வந்துடுவானோன்னு பயமா இருக்குடி. வாங்கிட்டு வந்தா நான் பார்ப்பேன். பார்த்தா கண்டுபிடிச்சிடுவேன். வாய் சும்மா இருக்காது. இவனையும் தள்ளிட்டேன்னா எனக்கு வேற யாரும் வேண்டாம், யாரும் வரவும் மாட்டாங்க.”

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை கொடுத்தேன்.

அவள் பயந்தபடியே ஃபெர்னான் என்னைத் தேடி வந்தான். பின்வாசலில் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றான்.

“தாயே, மோதிரம் வாங்கலாம்னா ஊரே சிரிக்குது. முதல் ஆளுக்குக் காலுறை கிழிஞ்சுதாம், ரெண்டாவது ஆளுக்குக் குடும்பமே கிழிஞ்சுதாம். அதனால கடிகாரம் வாங்கிடலாம்னு பார்க்கிறேன். குறை இல்லாததா ஒண்ணு எடுத்துக் கொடு.”

“குறை இல்லாத கடிகாரத்தை உன் சம்பளத்துல வாங்க முடியாதுப்பா. நம்ம தொழிலாளிகளுக்குன்னு நவம்பர்ல விக்கிறாங்களே, அதுல வேணா எடுக்கலாம். ஆனா அதெல்லாம் தள்ளினது.”

“தள்ளினதுன்னா என்ன குறைன்னு சொல்லுவாங்களா?”

“பொட்டைப் பிச்சிட்டுதான் விப்பாங்க. உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது.”

“அவ கண்ணுக்கு?”

நான் வானத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். மறுபடி பனி பெய்கிற மாதிரி இருந்தது.

விற்பனை அன்று சாப்பாட்டுக் கூடத்து மேசைமேல் கம்பளி விரித்துக் கடிகாரங்களைப் பரப்பியிருந்தார்கள். எல்லை தாண்டி பிரான்சிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். நல்லவேளையாக மிரேய் அந்தப் பக்கம் வருவதே இல்லை. தான் தள்ளியதைப் பிறர் ஆசையாக எடுப்பதைப் பார்க்க அவளுக்கு ஆகாது. ஃபெர்னான் கொடுத்த பணத்தோடு நான் நேரே போய் அங்கே இருந்ததிலேயே அழகான ஒன்றை எடுத்தேன். தங்கம், பால் நிற முகப்பு. காதில் வைத்தால் குழந்தை தூங்குகிற மாதிரி மெல்லச் சத்தம். பெட்டி கிடையாது என்றார்கள். நான் என் பிரிவிலிருந்து ஒரு பெட்டியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். எவ்வளவோ பெட்டி கட்டியிருக்கிறேன், ஒன்று எனக்குச் சேராதா?

அது மார்ச்சில் சண்டை நடந்த அதே கடிகாரம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மேல்மாடிச் சண்டையைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அந்தக் கடிகாரத்தை நான் எங்கே பார்த்தேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேவாலயம் விட்டதும், லூசியன் கிழவரின் விடுதியில் சாப்பாடு. ஃபெர்னான் கூப்பிட்டிருந்தான். துணைக்கு நானும் இருக்க வேண்டும் என்று மிரேய் பிடிவாதம் பிடித்தாள். நான் முன்யோசனைக்காரி. தேவாலயத்தில் அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோதே அவள் கைப்பையில் கையை விட்டு லென்ஸை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடவுள் பார்த்திருப்பார், அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்திருக்கும்.

மரப்பட்டைப் பெட்டியோடு அடுப்பில் வைத்த வஷ்ரான் பாலாடைக்கட்டி உருகி வந்தது. கூடவே உருளைக்கிழங்கு, வெள்ளை வைன். ஃபெர்னான் அதைத் தொடவில்லை. எல்லா மேசைகளிலும் பேச்சு குறைந்தது. அவன் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“மிரேய், நான் பெரிசாப் பேசத் தெரியாதவன். இதை வாங்கிக்கோ. கூடவே என்னையும் வாங்கிக்கோ.”

மிரேய் பெட்டியைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான். கை தானாகவே கைப்பைக்குள் போயிற்று. துழாவினாள்.

“என் லென்ஸ் எங்கே?”

“ஞாயித்துக்கிழமை எதுக்குடி அது?” என்றேன்.

ஆனால் எங்கள் ஊரைப் பற்றி நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். இங்கே சட்டைப் பையில் கைக்குட்டை இல்லாதவன் இருப்பான், லென்ஸ் இல்லாதவன் இருக்க மாட்டான். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், ஜன்னலோரத்திலிருந்து ஒருவர், கல்லாவிலிருந்து லூசியன் கிழவர் என்று மூன்று பேர் நீட்டினார்கள். உதவி செய்கிறார்களாம், பாவிகள்.

மிரேய் கிழவரின் லென்ஸை வாங்கிக் கண்ணில் இடுக்கினாள். கடிகாரத்தை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். வாயை மூடிக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. முடியவில்லை.

“ஆறு மணிக் குச்சி,” என்றாள். “சாஞ்சிருக்கு. இது... இது மார்ச்ல நான் தள்ளினது.”

யாரோ முள்கரண்டியைக் கீழே போட்டார்கள். மேசைமேல் கிடந்த அத்தனையிலும் தேடிப்பிடித்து இதையா எடுத்தேன்! ஃபெர்னான் என்னைப் பார்த்தான். நான் பாலாடைக்கட்டியைப் பார்த்தேன்.

அவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

“எங்கே, காட்டு.”

அவள் காட்டினாள். லென்ஸை அவன் கண்ணில் வைத்தாள். அது விழுந்தது. மறுபடி வைத்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. லூசியன் கிழவர் வந்து பார்த்தார், தெரியவில்லை. ஜன்னலோரத்து ஆள் நாற்பது வருஷம் கடிகாரம் செய்தவர். அவர் பார்த்துவிட்டு, தெரியாததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, “ஆமா, லேசா,” என்றார்.

ஃபெர்னான் கடிகாரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். “சரி, குறை இருக்கு. நீ சொன்னா இருக்கும். அதைக் கண்டுபிடிச்சப்புறம் மீதியைப் பார்த்தியா?”

“இல்ல.”

“ஏன்?”

“ஒண்ணு கிடைச்சா நிறுத்திடணும். அதான் வேலை.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே? வேலை இல்லையே. மீதியையும் பாரு. நான் காத்திருக்கேன்.”

மிரேய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முகப்பை முழுசாகச் சுற்றி வந்தாள். கடிகாரத்தைத் திருப்பினாள். பின்பக்கக் கண்ணாடிக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. எங்கள் மேசையில் பாலாடைக்கட்டி ஆறிப் பாறையாகிவிட்டது.

“இந்தத் தகட்டோட ஓரமெல்லாம் கையால இழைச்சிருக்காங்க,” என்றாள், யாருக்கோ சொல்வது போல. “உள் மூலை வரைக்கும். இந்த மூலை யார் கண்ணுக்கும் படாது. இருந்தாலும் அதுவரைக்கும் இழைச்சிருக்காங்க. வெளிச்சம் எங்கேயும் அறுந்து போகல.” இன்னொரு தரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எவ்வளவு நல்லா செஞ்சிருக்காங்க, ஃபெர்னான்,” என்றாள்.

லென்ஸை எடுத்தபோது அதற்குள் தண்ணீர் நின்றது. கிழவர் அதை வாங்கி, தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். மிரேய் இடது கையை நீட்டினாள். ஃபெர்னானின் எண்ணெய் விரல்களுக்கு அந்தச் சின்னக் கொக்கி பிடிபடவே இல்லை. மாட்டுவதற்குள் தங்கத்தில் ஒரு கீறல் விழுந்தது. அதை நானே பார்த்தேன், லென்ஸ் இல்லாமல். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை, பார்த்திருந்தால் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தாமதமாகத்தான் வந்தான். பனி கொட்டியிருந்தது, வழியெல்லாம் ஒதுக்கிக்கொண்டே வந்தானாம். தேவாலயத்து வாசலில் இரண்டு பக்கமும் பனிச்சுவர் கோடு போட்ட மாதிரி நின்றது.

மிரேய் மேல்மாடியில் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வேலைக்கு வரும்போது கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைப்பாள், சாயங்காலம் கட்டிக்கொள்வாள். ஆறு மணிக் குச்சியைப் பார்க்கும்போது மட்டும் முகம் ஒரு தரம் சுளித்து நேராகும்.

கல்யாணமான புதிதில் உடைமாற்றும் அறையில் என்னிடம் வந்து, கதவை மூடிக்கொண்டு, கிசுகிசுத்தாள்.

“கொலெத், அவன் குறட்டை விடறான்டி. வீட்டு ஓடெல்லாம் அதிருது.”

“ஐயோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன? மீதியைப் பார்த்துட்டிருக்கேன்.”