காளி நிறுத்தச் சொன்ன ஊசி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் மகளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற ரகம் இல்லை, டைப் ஒன். இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பு தானே அழித்துவிடும். தின்ற இனிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லாத உறவினர் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சின்னதுல அல்வா ரொம்பக் குடுத்துட்டிய போல" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணன் அப்படிப் பேசவில்லை. கல்லிடைக்குறிச்சியில் வயல் பார்க்கிறவர். அவளுக்கு ஊசி போடுவதைப் பார்த்த அன்றே, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுக் காளி வேடம் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் தானே பொங்கி.

அவர் விரதம் இருந்த நாட்களிலேயே அவளுக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். டாக்டர் ரத்தத்தில் சி-பெப்டைடு பார்க்கச் சொன்னார். உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவருகிற பொருள் அது; ஊசி மருந்தில் இருக்காது. அதனால் உடம்பில் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். முடிவு சாதாரண அளவின் கீழ் ஓரத்தில் இருந்தது.

"ஊசி கை கொடுக்கிறதால மிச்சமிருக்கிற செல்லெல்லாம் கொஞ்சம் மூச்சு விடுது. கொஞ்ச காலத்துக்குத்தான். ஊசியை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார் டாக்டர்.

என் மனைவி சந்தோஷத்தில் அந்த ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். ரிப்போர்ட் படிக்க எங்கள் குடும்பத்தில் ஒரே முறைதான். தடித்த எழுத்தில் இருந்தால் நோய், இல்லாவிட்டால் நோய் இல்லை. இதில் தடித்த எழுத்தே இல்லை. அண்ணன் உடனே போன் செய்தார்.

"ஏலே, நார்மல்னு வந்திருக்கு, பாத்தியா? அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "நீ எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வச்சிருப்ப" என்று வைத்துவிட்டார்.

அண்ணனோடு மல்லுக்கட்டலாம். காளியோடு எப்படி? தசராவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், மேளத்தோடு பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் காணிக்கை வாங்க வந்தார். கறுப்புச் சாயம், சடைமுடி, முதுகில் கட்டிய கைகள். வேடம் கட்டியவர் வாயில் வருவது எங்கள் பக்கத்தில் அம்மன் வாக்கு. எதிர்வீட்டு அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அண்ணன், வாயில் மாட்டியிருந்த நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் மகளின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இனிமே உனக்கு ஊசி வேண்டாம், மக்களே."

என் மனைவி கும்பிட்டபடியே அழுதாள். "அண்ணே, சும்மா இரிங்க" என்றேன். தெருவே என்னை முறைத்தது. நாத்திகனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். அம்மன் கேட்டது விரதம், ஊசியை எப்போது கேட்டாள் என்று அங்கேயே கத்தியிருப்பேன். மேளச் சத்தத்தில் யார் கேட்பார்கள்?

அன்று சாயங்காலம் ஊசி போட்டுக்கொண்டதாக மகள் சொன்னாள். போடவில்லை. மறுநாளும் அதே பொய். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தபோது, "நார்மல்னா நார்மல்தானப்பா?" என்று கேட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து மறுபடியும் சி-பெப்டைடு பார்த்தார்கள். இந்தத் தடவை தடித்த எழுத்து. மிச்சமிருந்த சுரப்பு ஊசியை விட்டதால் சீக்கிரம் போனதா, எப்படியும் போயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். திருப்பிக் கேட்டேன். திருப்பியும் அதையேதான் சொன்னார். "அப்போ எதுக்கு இத்தன ரத்தம் எடுக்கிய?" என்று சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். உட்காரவில்லை.

"விரதத்துல எங்கனயோ பிசகிட்டேன் போல, லே. எங்கனன்னுதான் தெரியல."

ரிப்போர்ட் வந்ததிலிருந்து மறுபடியும் ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்று மதினி போனில் சொல்லியிருந்தாள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "பசிக்கல" என்றார். நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

மகள் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து, சட்டை நுனியைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெரியப்பா, ஊசி போட்டாச்சு. இப்ப நான் சாப்பிடலன்னா மயங்கி விழுந்துருவேன். நீங்க சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்."

அண்ணன் கைகூடக் கழுவவில்லை. பதறி உட்கார்ந்து, மனைவி வைத்த இட்லியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டு, "தின்னுட்டேன், பாரு, தின்னுட்டேன், நீ தின்னு மக்களே" என்றார்.