கிளட்ச் இல்லாமல் கடற்கரைக்கு ஒரு படகு

காலை 6.10. படாளத்தில் நான் வேலை செய்யும் ஃபைபர் படகுப் பட்டறையிலிருந்து புறப்பட்டோம். பின்னால் டிரெய்லரில் புதுப் படகு. பக்கத்து இருக்கையில் அதை வாங்கிய அஞ்சலை, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரர். தூரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

என் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் முதலாளி இரண்டு ஆட்டோ கியர் டீசல் பிக்கப்புகளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஏதாவது ஒன்று ஒழுங்காகப் படகை இழுத்தால் நான் டிரைவர். இல்லையென்றால் பட்டறை கேட்டில் காவல்.

நேற்று ஓட்டிய முதல் வண்டியில் கிளட்ச் உண்டு. அதை வண்டியே போட்டு எடுக்கும். செங்கல்பட்டு மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இரண்டடி பின்னால் உருண்டது. கிளட்ச் கருகிய வாடையும் வந்தது. இன்று இரண்டாவது வண்டி. இதில் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் சுழன்று என்ஜின் விசையைக் கியருக்குக் கொடுக்கிறது.

பாலாற்றுப் பாலத்தில் முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. முப்பது வருஷப் பழக்கம். என் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது.

"இன்னா அண்ணாத்த, படக முன்னாடி அனுப்பப் பாக்குறியா?" என்றார் அஞ்சலை.

"கால் பழக்கம்மா."

"அந்த எடது கால சீட்டுக்கு அடில வெச்சிக்கோ. சும்மா குந்திகினு வரட்டும்."

அப்படியே செய்தேன்.

7.00. அதே மேம்பாலம். ஏற்றத்தின் நடுவில் முன்னால் பஸ் நின்றது. பின்னால் ஒரு ஸ்கூல் வேன் ஒட்டி வந்து நின்றது. அஞ்சலை திரும்பிப் படகைப் பார்த்தார். பஸ் நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினேன். வண்டி பின்னால் போகவில்லை. ஒரு முனகலோடு மேலே ஏறியது. வாடை இல்லை.

"உர்ருன்னுது, அவ்ளோதான். உன்னாட்டமே பேசாத வண்டி."

திருக்கழுக்குன்றத்தில் இரண்டு டீ, முப்பது ரூபாய். கயிறுகளை இழுத்துப் பார்த்தேன். டீசல் முள் நேற்றைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தது.

8.40. குப்பத்துக்காரர்கள் படகை இறக்கி மணலில் வைத்தார்கள். முதலாளிக்குப் போன் செய்தேன்.

"டீசல் கொஞ்சம் கூடக் குடிக்குதுங்க."

"அத வுடுய்யா. மேம்பாலத்துல இன்னா ஆச்சு?"

"ஒரு அங்குலங்கூடப் பின்னாடி போகலைங்க."

"அப்ப அதையே வாங்கிடலாம். நாளைக்குக் கோவளத்துக்கு ஒரு படகு கீது, நீயே எடுத்துனு போ. கேட்டுக் காவலுக்கு வேற ஆள் பாக்கறேன்."

எத்தனையோ படகுகளை இந்தக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இறக்கியதும் திரும்பிவிடுவேன், தண்ணீர்வரை போனதில்லை. இன்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கால் நனையும்வரை அலையில் நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.